கந்தப்பளை வீட்டுக்கு ஒரு விறகு பொய்லர்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் வழியில், மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சரிவில் இருக்கிறது இந்த வீடு. லீக்ஸும் கரட்டும் போடுகிற குடும்பம். கணவன், மனைவி, படிக்கிற மகள், வயதான தாய் தகப்பன் என்று ஐந்து பேர். பக்கவாட்டில் மூன்று அறைகள் கட்டிச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவர்கள் என்னிடம் சொன்ன குறை இரண்டு. விருந்தினர்களுக்கு வெந்நீர் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. பெரியவர்கள் படுக்கும் அறை ஜனவரி மாதத்தில் தாங்க முடியாத குளிர்.

இரண்டையும் இரண்டு வேலையாகத்தான் அவர்கள் நினைத்திருந்தார்கள். வெந்நீருக்கு ஒரு பெரிய கீசர், அறைக்கு ஒரு கரண்ட் ஹீட்டர் என்று கடையில் விலைகூடக் கேட்டு வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரே பொய்லர் இரண்டையும் பார்த்துக்கொள்ளும்படி ஆனது. அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதை முழுதாக எழுதுகிறேன். மலையகத்தில் இதே கேள்வியோடு பல வீடுகள் இருக்கின்றன.

ஏற்கெனவே இருந்த ஏற்பாடு

மூன்று பாத்ரூமிலும் ஆளுக்கொரு உடனடி ஹீட்டர், ஒவ்வொன்றும் 3.5 கிலோவாட். பொருத்தியவர் கொழும்புப் பக்கத்து ஆள். அங்கே அது போதும். குழாயில் வருகிற தண்ணீர் 28 பாகை இருக்கும், குளிக்க 40 பாகை வேண்டும், 12 பாகை ஏற்றினால் வேலை முடிந்தது. நிமிடத்துக்கு 4 லீற்றர் வரை தாராளமாகக் கொடுக்கும். கந்தப்பளையில் காலை ஆறு மணிக்குக் குழாயில் தெர்மோமீற்றரைப் பிடித்தால் 15 பாகைதான். ஏற்ற வேண்டியது 25 பாகை, இரண்டு மடங்குக்கும் மேல். அதே ஹீட்டர் இங்கே நிமிடத்துக்கு 2 லீற்றர்தான் 40 பாகையில் தரும். அது குளிக்கிற தண்ணீர் இல்லை, ஒழுகுகிற தண்ணீர். குழாயைக் கொஞ்சம் திறந்து நிமிடத்துக்கு 3 லீற்றர் ஆக்கினால் 32 பாகைக்கு இறங்கிவிடும், ஆள் நடுங்குவார்.

இது போதாதென்று மின் இணைப்பு. வீட்டுக்கு வந்திருப்பது ஒற்றைக் கட்டம், 30 அம்பியர். ஒரு ஹீட்டர் 15 அம்பியர் இழுக்கும். இரண்டு அறையில் ஒரே நேரத்தில் குளித்தாலே எல்லை. அதற்கு மேல் குசினியில் ரைஸ் குக்கரைப் போட்டால் மெயின் விழுந்துவிடும். தலையில் சவர்க்கார நுரையோடு விருந்தினர் கூப்பிடுகிற சத்தம் கேட்டுத்தான் வீட்டுக்காரம்மா டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடுவாராம். லைனின் கடைசியில் இருக்கிற வீடு என்பதால் மாலையில் வோல்டேஜும் 200க்கு இறங்கும். அப்போது 3.5 கிலோவாட் ஹீட்டர் 2.6 கிலோவாட் ஹீட்டராகிவிடும். வோல்டேஜ் குறைகிற வீதத்தின் வர்க்கத்தில் வலு குறைகிறது, இதை ஹாட்வெயார் கடையில் யாரும் சொல்வதில்லை.

பெரியவர்கள் அறையில் நான் கண்டது வேறு வகை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புச் சட்டி, உள்ளே சாம்பல். இரவில் அடுப்புத் தணலை அள்ளிக்கொண்டுபோய் அறையில் வைத்து, ஜன்னலை அடைத்துவிட்டுப் படுக்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த காலத்துப் பழக்கம். லயத்துக் கூரையில் இடைவெளி இருந்தது, கதவுக்கு அடியில் காற்று வந்தது. இந்த வீடு சீலிங் அடித்து, கண்ணாடி ஜன்னல் போட்டு இறுக்கமாகக் கட்டியது. தணலிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். வெந்நீர் கிடைக்கிறதோ இல்லையோ, அந்தச் சட்டி அறையை விட்டுப் போக வேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டேன். மற்ற எல்லாத் தீர்மானத்திலும் எனக்குப் பின்னால் நின்றது அந்தச் சட்டிதான்.

எவ்வளவு வெந்நீர் வேண்டும்

மூன்று அறையும் நிரம்பினால் ஆறு பேர். காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் எல்லோரும் குளிப்பார்கள், ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் என்றால் விடியுமுன்பே. ஆளுக்கு 40 பாகையில் 45 லீற்றர் என்று வைத்தால் 270 லீற்றர். தாங்கியில் 60 பாகை வெந்நீர் இருந்தால், 15 பாகைத் தண்ணீரோடு கலக்க அதில் பாதிக்குச் சற்று மேல், அதாவது 150 லீற்றர் போதும். வீட்டு ஆட்களுக்கும் குசினிக்கும் வேண்டியதையும் சேர்த்தால் மொத்தம் 210 லீற்றர். எந்தத் தாங்கியிலும் முழுவதையும் சூடாக எடுக்க முடியாது, கீழே குளிர்ந்த தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். ஆகவே 300 லீற்றர்த் தாங்கி.

300 லீற்றரை 15இலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 15.7 யுனிட், அதாவது கிலோவாட் மணி, வெப்பம் வேண்டும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் எரிபொருளைப் பார்த்தோம்.

கரண்டில் செய்தால் மாதத்துக்கு 470 யுனிட் வெந்நீருக்கு மட்டும். வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் 180 யுனிட்டுக்கு மேல் போனாலே உச்சப் படிக்குள் விழுந்துவிடுவோம். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது பில்லைப் பார்த்துத் தலையில் கைவைத்த குடும்பம் இது. அந்த வழி அத்தோடு முடிந்தது.

காஸில் செய்தால் நாளைக்கு ஒன்றரைக் கிலோ. 12.5 கிலோ சிலிண்டர் எட்டு நாளுக்கு வரும். 2022இல் காஸ் வரிசையில் நின்ற நினைவு இன்னும் அவர்களுக்குப் போகவில்லை. அதைவிட எனக்கு வேறு கவலை. கடல் மட்டத்தோடு பார்த்தால் 1,900 மீற்றர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு ஐதானது. தாழ்நிலத்துக்கென்று செட் பண்ணிய பர்னர் இங்கே காற்றுப் போதாமல் எரியும், புகையும், காபன் மொனொக்சைட்டும் கூடும். அதைப் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் மாட்டுவதில்லை.

சூரிய வெப்பம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நன்றாக வேலை செய்யும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நாள்கணக்கில் மூடுபனிதான். பிறகு வேண்டுமென்றால் இணைத்துக்கொள்ள வசதியாகத் தாங்கியில் கூடுதலாக இரண்டு வாய் மட்டும் விடச் சொன்னேன். வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற ஹீட் பம்ப் நல்ல சாமான், கரண்டில் மூன்றில் ஒரு பங்கோடு வேலையை முடித்துவிடும். ஆனால் பழுதானால் திருத்துகிற ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும்.

மிஞ்சியது விறகு. காய்ந்த விறகு ஒரு கிலோவில் 4 யுனிட் வெப்பம் இருக்கிறது. பொய்லர் அதில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுத்தாலே நாளைக்கு 8 கிலோ போதும். தேயிலைக் கவ்வாத்து முடிந்த மலைகளிலிருந்து மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி, வருகிறது, பக்கத்துத் தோட்டத்தில் யூகலிப்டஸ் வெட்டும்போது துண்டு விறகு லொறியில் கிடைக்கிறது. தோட்டத் துரைமார் பங்களாக்களின் பின்பக்கம் விறகு போட்டுத்தான் வெந்நீர் காய்ச்சினார்கள். இந்த வீட்டுப் பெரியவருக்கு அந்த வேலை தெரியும், இளவயதில் ஒரு பங்களாவில் அதைச் செய்தவர்.

நெருப்பை யார் மூட்டுவது

எல்லாம் சரிவந்த நேரத்தில் வீட்டுக்காரம்மா கேட்டார். “அண்ணே, காலையில நாலரைக்கு எந்திரிச்சு நெருப்ப யாரு மூட்டுறது? இவரு மார்க்கட்டுக்கு லொறி ஏத்தப் போயிருவாரு. மாமாவுக்கு இழுப்பு இருக்கு. அப்ப நான்தானே?”

விறகு பொய்லர் வாங்கிய பல வீடுகளில் அது துருப்பிடித்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான் என்பேன். எரிபொருள் கணக்கை ஆம்பளைகள் போடுகிறார்கள், அடுப்படி வேலை பொம்பளைகள் தலையில் விழுகிறது. ஒரு மாதம் மூட்டுவார்கள், அப்புறம் பழைய கீசரைப் போட்டுவிடுவார்கள்.

அதனால் நேரத்தை மாற்றினோம். தீ மூட்டுவது மாலை ஐந்து மணிக்கு. தோட்டத்து வேலை முடிந்து எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம், குளிர் இறங்குகிற நேரமும் அதுதான். எட்டு மணிக்குள் தாங்கி சூடாகிவிடும். 75 மில்லிமீற்றர் தடிப்புக்கு வெப்பக் காப்புப் போட்ட தாங்கி இரவு முழுவதும் 3 பாகைக்கு மேல் இழக்காது. காலையில் யாரும் எதையும் மூட்ட வேண்டியதில்லை, குழாயைத் திறந்தால் சரி. பொய்லரைத் தெரிவு செய்ததைவிட இந்த ஒரு மாற்றம்தான் இந்த வேலையை நிலைக்க வைத்தது.

மாலைத் தீ என்றதும் பெரியவர்கள் அறையும் கணக்குக்குள் வந்தது. பொய்லர் எரிகிற அதே நேரத்தில் அந்த அறைக்கும் ஒரு ரேடியேட்டர், உள்ளே சூடான தண்ணீர் ஓடி அறையைச் சூடாக்குகிற சாமான், கொடுக்கலாம். 12 அடிக்கு 12 அடி அறை, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், தகரக் கூரைக்கு அடியில் மெல்லிய சீலிங். வெளியே 8 பாகை, உள்ளே 18 பாகை வேண்டுமென்றால் ஏறக்குறைய 1.2 கிலோவாட் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு சீலிங் வழியாக. ஆகவே முதலில் சீலிங்குக்கு மேலே கண்ணாடிக் கம்பளி விரித்தோம். இந்த முழு வேலையிலேயே காசுக்கு அதிகப் பலன் தந்தது அதுதான், பொய்லர் வைக்காவிட்டாலும் செய்திருக்க வேண்டியது.

பொய்லரின் அளவு

மூன்று மணி நேரத்தில் தாங்கியைச் சூடாக்க 5.2 கிலோவாட், அறைக்கு 1 கிலோவாட் சுற்று, குழாய்களில் போகிறது கொஞ்சம். 8 கிலோவாட் பொய்லர் போதும். ஒரு கடையில் 25 கிலோவாட்டைத் தலையில் கட்டப் பார்த்தார்கள், “பெருசா இருந்தா நல்லதுதானே” என்று. விறகில் அது நல்லதில்லை. பெரிய பொய்லரில் சின்னத் தீ வைத்தால் காற்றை அடைத்துப் புகைய விட வேண்டிவரும். புகையில் இருக்கிற தார் குளிர்ந்த சுவரில் படிந்து புகைபோக்கியை அடைக்கும், ஒருநாள் அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். சரியான அளவு பொய்லரில் காய்ந்த விறகைச் சுறுசுறுப்பாக எரித்து அணைய விடுவதுதான் முறை. காற்று ஐதாக இருப்பதற்கு ஈடாக 10 கிலோவாட்டுக்குப் போனோம், அதற்கு மேல் இல்லை.

பொய்லரை ஹற்றனில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்வித்தோம். 6 மில்லிமீற்றர் இரும்புத் தகடு, இரட்டைச் சுவர், நடுவில் தண்ணீர். பட்டறை பாஸ் அதைக் கொம்பிரசரில் காற்றடித்துச் சோதிக்கப் போனார், நிறுத்திவிட்டேன். காற்றை அழுத்தி அடைத்த பாத்திரம் வெல்டிங் விட்டால் வெடிக்கும். தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தினால் ஒழுகும், அவ்வளவுதான். தண்ணீரில் 1.5 பார் ஏற்றி அரை மணி நேரம் விட்டோம். கதவுச் சட்டத்தின் கீழ் மூலையில் ஒரு முத்து மாதிரி தண்ணீர் கசிந்தது. அந்த இடத்தைக் கிரைண்டரில் வெட்டி மறுபடி ஒட்டிய பிறகு காய்ந்தே இருந்தது.

பொருத்திய விதம்

விறகுத் தீக்குச் சுவிட்ச் கிடையாது என்பதை மறந்து வேலை செய்தால் உயிராபத்து. மலையில் காற்றடித்து லைனில் மரம் விழுந்தால் கரண்ட் போகும், பம்ப் நிற்கும், தீ எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே பம்பே இல்லாமல் தண்ணீர் தானாகச் சுற்ற வேண்டும். சூடான தண்ணீர் லேசாகி மேலே போகும், ஆறியது கீழே வரும். இதற்குத் தாங்கி பொய்லரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சரிவில் கட்டிய வீடு என்பதால் அது சுலபமாக அமைந்தது. பின்பக்கத்துக் கீழ்த்தட்டில் கொட்டகை போட்டு அதில் பொய்லர், அதைவிட நான்கைந்து அடி உயரத்தில் ஸ்டோர் ரூமில் தாங்கி, அதே மட்டத்தில் பெரியவர்கள் அறை. பொய்லர் வீட்டுக்கு வெளியே இருப்பதால் புகையும் உள்ளே வராது.

தானாகச் சுற்றும் விசை மிகச் சிறியது. 80 பாகையில் மேலேறி 50 பாகையில் கீழிறங்குகிற தண்ணீர், ஒன்றரை மீற்றர் உயர வித்தியாசத்தில், ஓர் அங்குல நீர்மட்டத்தின் அழுத்தத்தைத்தான் தருகிறது. ஆகவே குழாய் ஒன்றே கால் அங்குல இரும்பு, வளைவுகள் குறைவு, வழி முழுக்க மேல்நோக்கிய சாய்வு. ஓரிடத்தில் குழாய் தொய்ந்தாலும் அங்கே காற்று தங்கிச் சுற்றை நிறுத்திவிடும். பொய்லரிலிருந்து தாங்கி வரை பிளாஸ்டிக் குழாய் அறவே கூடாது. தாங்கியிலிருந்து பாத்ரூம்களுக்கு வெந்நீருக்கான சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போட்டோம். சாதாரண வெள்ளை பிவிசி 60 பாகையிலேயே இளகும்.

பொய்லர்த் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் கலப்பதில்லை. தாங்கிக்குள் இருக்கிற சுருள் குழாய் வழியாகத்தான் வெப்பம் மாறுகிறது. மலையகத்து ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது. கெட்டிலில் உப்புப் படியாது என்று சந்தோஷப்படுவோம், அதே தண்ணீர் இரும்பைத் தின்னும். பொய்லர்ச் சுற்றில் ஒரே தண்ணீர் நின்றுவிட்டால் அதில் இருக்கிற ஒட்சிசன் தீர்ந்து துரு நின்றுவிடும். குளிக்கிற தண்ணீர்த் தாங்கி துருப்பிடிக்காத உருக்கு.

ரேடியேட்டருக்கு அடைப்பு வால்வே வைக்கவில்லை. வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை, வெயில் நாளில் எதற்கு அறையைச் சூடாக்க வேண்டும் என்றார். காரணம் இருக்கிறது. தாங்கி நிறைந்து சூடான பிறகும் தீ எரிந்தால் அந்த வெப்பத்துக்குப் போக ஒரு வழி வேண்டும். எப்போதும் திறந்திருக்கிற அந்த ரேடியேட்டர்தான் அந்த வழி. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அறையைச் சூடாக்குகிற சாமானே பொய்லருக்குக் காவலும் ஆகிறது.

இரண்டாவது காவல் திறந்த ஆவிக்குழாய். பொய்லரின் உச்சியிலிருந்து எந்த வால்வும் இல்லாமல் நேரே மேலேறி, கூரைக்கு அடியில் உள்ள சின்னத் தாங்கிக்கு மேலே வளைந்து நிற்கும். இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். கீழே பொய்லருக்குள் மேலிருக்கும் தண்ணீரின் பாரம் இருப்பதால் அதே சூட்டில் கொதிக்காது. ஆனால் குழாயில் மேலேறும்போது பாரம் குறைந்து திடீரென்று ஆவியாகிப் பொங்கும். பொய்லரில் மாட்டியிருந்த மானியில் சிவப்புப் பகுதி 100இல்தான் தொடங்குகிறது. தாழ்நிலத்துக்குச் செய்த மானி. அதை நம்ப வேண்டாமென்று 85இல் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். முள் அதைத் தொட்டால் காற்றுக் கதவை மூட வேண்டும், விறகு போடக் கூடாது.

பழைய ஏற்பாட்டில் குளிர்நீர்க் குழாயில் யாரோ ஒரு நொன்-ரிட்டர்ன் வால்வு, தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போக விடுகிற வால்வு, போட்டிருந்தார்கள். அதைக் கழற்றினோம். 300 லீற்றர் 15இலிருந்து 60 பாகைக்குப் போகும்போது கிட்டத்தட்ட 5 லீற்றர் பெருகும். அது திரும்பிப் போக வழி அடைபட்டால் தாங்கிதான் விரிய வேண்டும்.

புகைபோக்கி ஆறு அங்குலம், கூரை முகட்டைவிட இரண்டடி உயரம். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் பக்கத்து மரச்சட்டத்தை ஒன்றரை அடி தள்ளி வெட்டிவிட்டு, பெரிய குழாய் ஒன்றை உறையாகப் போட்டு நடுவில் கல்நார் இல்லாத பாறைக் கம்பளி அடைத்தோம். விருந்தினர் பாத்ரூம்களில் கலப்பு வால்வை 43 பாகையில் நிறுத்தினேன். தாங்கியை 60 வரை ஏற்றாமல் விட்டால் கிருமி சாகாது, அந்த 60 நேரே குழாயில் வந்தால் ஐந்தாறு வினாடியில் தோல் வெந்துவிடும். தீ மூட்ட முடியாத நாளுக்கென்று தாங்கியில் 3 கிலோவாட் கரண்ட் ஹீட்டர் ஒன்று, தனி பிரேக்கரில். பழைய மூன்றையும் கழற்றியாயிற்று.

முதல் தீயும் அதற்குப் பிறகும்

முதல் நாள் பெரியவர்தான் மூட்டினார். காய்ந்த மிலாறை ஒரு கைப்பிடி வைத்துக் கொழுந்துவிட்டு எரிய வைத்து, புகைபோக்கி சூடேறிய பிறகுதான் பெரிய கட்டையைப் போட்டார். நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தாங்கி சூடாகிக்கொண்டு வந்தது, ரேடியேட்டர் மட்டும் பச்சைத் தண்ணீராகவே இருந்தது. குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனால் கதவு நிலைக்கு மேலே ஓரிடத்தில் சூடு நின்றது. பூச்சு வேலை செய்தவர் பிடியைக் கழற்றி மாட்டும்போது குழாய் அரை அங்குலம் தொய்ந்திருந்தது. தூக்கிக் கட்டிக் காற்றைத் திறந்துவிட்டதும் பத்து நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல்பக்கம் கை வைக்க முடியாதபடி ஆனது.

விறகு கணக்கு முதலில் சரிவரவில்லை. 8 கிலோ என்று சொன்ன இடத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனது. விறகைப் பிளந்து பார்த்தால் நடுவில் ஈரம். பச்சை விறகில் கிலோவுக்கு 2 யுனிட் சுற்றுத்தான் கிடைக்கும், அதிலும் பொய்லர் சூடாவதற்குப் பதிலாகக் கட்டையிலுள்ள தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். மூடுபனி ஊரில் விறகு காய்வது பெரிய பாடு. படங்கு போட்டு மூடினால் காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். பக்கமெல்லாம் திறந்து, மேலே மட்டும் தகரம் போட்டு, நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் பலகை தட்டி, பிளந்த விறகை அடுக்க வேண்டும். வெயில் காலத்தில் அடுக்கியதைத்தான் மழையில் எரிக்கலாம். அப்படி ஒரு கொட்டகை போட்ட பிறகு 9 கிலோ சுற்றில் வந்து நின்றது.

கடைசி அறையில் வெந்நீர் வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று இன்னும் குறை சொல்கிறார்கள். தூரம் அப்படி. குழாய்க்கு நுரை உறை போட்டிருக்கிறோம், அதற்கு மேல் சுற்றுப் பம்ப் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. பெரியவர்கள் அறையில் தணல் சட்டி இல்லை. அதில் பாட்டி புதினா நட்டிருக்கிறார்.

வாரத்துக்கு ஒருமுறை பொய்லர்ச் சுவரைச் சுரண்டி, மாதத்துக்கு ஒருமுறை புகைபோக்கிக்குப் பிரஷ் விடச் சொல்லியிருக்கிறேன். பிரஷ் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள், படத்தோடு எனக்கு அனுப்புகிறாள். போன முறை அனுப்பிய படத்தில் புகைக்கரி காய்ந்து தூளாக இருந்தது, தார் இல்லை. வீட்டுக்காரர் இப்போது நாலாவது அறை கட்டப்போவதாகச் சொல்கிறார், தாங்கி தாங்குமா என்று கேட்டார். தாங்கும், தீயை அரை மணி நேரம் கூட்டி எரித்தால் சரி. விறகுக் கொட்டகையைத்தான் முதலில் நீட்டச் சொன்னேன், ஜனவரி வெயிலுக்கு முன்னால்.